மாலை மரியாதையுடன் ஓர் அடக்கம்

உயிரோடு இருப்பவனைப் பட்டினி போட்டுவிட்டு, அவன் கண்ணை மூடியதும் சிலை வைப்பது தென்னாசிய அரசுகளின் பழைய வழக்கம். இவ்வழக்கம் மனிதரோடு நின்றுவிடுவதில்லை. 2024 செப்டம்பரில் மேற்கு வங்கப் போக்குவரத்து அமைச்சர், கொல்கத்தா டிராம் சேவை நிறுத்தப்படும் என்றும், எஸ்பிளனேடுக்கும் மைதானத்துக்கும் இடையிலான சிறு துண்டு மட்டும் பாரம்பரியச் சின்னமாக வைத்திருக்கப்படும் என்றும் அறிவித்தார். 1873 இல் குதிரை இழுக்கத் தொடங்கி, 1902 முதல் மின்சாரத்தில் ஓடிய சேவை அது. நூற்றைம்பதாவது ஆண்டைக் கொண்டாடி முடித்த மறு வருடமே இந்த அறிவிப்பு.

"முழுவதும் போகாமல் ஒரு துண்டாவது மிஞ்சியதே" என்று ஆறுதலடைந்த நண்பர்கள் எனக்கு உண்டு. எனக்கு அந்த ஆறுதல் இல்லை. பல தசாப்தங்கள் பத்திரிகையில் குப்பை கொட்டியவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். ஒன்றை மக்களின் பயன்பாட்டிலிருந்து அகற்ற முடிவெடுத்த பின்னரே 'பாரம்பரியம்' என்ற சொல் அரசாங்கக் கோப்பில் ஏறுகிறது. அச்சொல் ஏறிய பின்பு வண்டி எத்தனை மணிக்கு வரும், எத்தனை பேரை ஏற்றும், கட்டணம் என்ன என்று எவரும் கேட்பதில்லை. வர்ணம் என்ன, விளக்கு எப்படி, படம் எடுக்க வசதி உண்டா என்பவையே பேச்சாகின்றன.

டிராம் பார்ப்பதற்கென்றே பயணம் போகும் கிறுக்கு எனக்கு உண்டென்பதை இப்பக்கத்தின் நீண்டகால வாசகர்கள் அறிவர். அப்படிப் போய்ப் பார்த்த இரண்டு இடங்களை இங்கு அடுத்தடுத்து வைக்கிறேன். இரண்டும் பழைய வண்டிகளைப் பாதுகாக்கும் இடங்கள்தாம். ஆனால் ஒன்றிலிருந்து மற்றதற்கு உள்ள தூரம் அத்திலாந்திக் சமுத்திரத்தை விடப் பெரிது.

முதலாவது இங்கிலாந்தின் டார்பிஷயரில் உள்ள கிரிச் என்ற கிராமம். ஒருகாலத்தில் சுண்ணாம்புக்கல் அகழ்ந்த இடம். நாம் பாடப்புத்தகத்தில் படித்த ஜோர்ஜ் ஸ்டீபன்சன் அங்கிருந்து கல்லிறக்கத் தண்டவாளம் போட்டவர். இப்போது அங்கே பிரித்தானியாவின் தேசிய டிராம் நூதனசாலை இருக்கிறது. அதன் கதை 1948 ஓகஸ்டில் சவுத்தாம்டன் நகரில் தொடங்குகிறது. அந்நகரத்து டிராம் சேவை மூடப்பட்டுக்கொண்டிருந்த வேளையில் பிரியாவிடைச் சவாரி போன ஆர்வலர் சிலர், தாம் ஏறிப்போன திறந்த மாடி வண்டியை, 45 ஆம் இலக்கத்தை, பத்துப் பவுணுக்கு வாங்கிவிட்டார்கள். வாங்கிய பிறகுதான் இதை எங்கே நிறுத்துவது என்ற கேள்வி பிறந்தது. 1955 இல் சங்கம் அமைத்து, 1959 இல் கிரிச்சின் கைவிடப்பட்ட கற்குழிக்கு வந்து சேர்ந்தார்கள். தண்டவாளத்தைத் தாமே போட்டார்கள், துருவைத் தாமே சுரண்டினார்கள். அம்மனிதர்கள் மீது எனக்கு மதிப்பு மட்டுமே உண்டு.

கிரிச்சில் நுழைவுச்சீட்டு வாங்குபவர் கையில் பழைய பென்னி நாணயம் ஒன்றைத் தருகிறார்கள். அதை டிராம் நடத்துனரிடம் நீட்டினால் அவர் சீட்டொன்று தருவார். வண்டி ஏறத்தாழ ஒரு மைல் ஓடும். பிறகு திரும்பி வரும். பித்தளைக் கைப்பிடி மினுங்குகிறது. மர இருக்கையில் மெழுகின் வாசனை. எல்லாம் குறைவற இருக்கின்றன. வண்டியிலிருந்த நாங்கள் ஒருவராவது ஓர் இடத்துக்குப் போக வேண்டி ஏறியவர்களல்லர். வாசலில் அவர்களே தந்த காசை உள்ளே அவர்களிடமே திருப்பிக் கொடுக்கும்போது, இது பயணமா, திவசமா என்ற எண்ணம் எனக்கு வந்தது.

குற்றம் அந்த ஆர்வலர்களுடையது அன்று. மான்செஸ்டர் 1949 இல் தன் டிராமை மூடியது. லண்டன் 1952 இலும், எடின்பரோ 1956 இலும், ஷெபீல்ட் 1960 இலும், கிளாஸ்கோ 1962 இலும் மூடின. பின்னர் நடந்ததைக் கவனியுங்கள். மான்செஸ்டர் 1992 இலும் ஷெபீல்ட் 1994 இலும் டிராமைத் திரும்பக் கொண்டுவந்தன. எடின்பரோ 2014 இல் ஒரேயொரு தடத்தைத் திறப்பதற்கு 776 மில்லியன் பவுண் செலவிட்டது. பிடுங்கி எறிந்த தண்டவாளத்தைப் பழைய இரும்பு விலைக்கு விற்ற தலைமுறையின் பேரப்பிள்ளைகள் அந்தத் தொகையைக் கட்டினார்கள்.

இனி இரண்டாவது இடம், சான் பிரான்சிஸ்கோ. அந்நகரத்தின் மார்க்கெட் வீதியில் எஃப் என்ற எழுத்துத் தாங்கி ஓடும் டிராம் தடத்துக்குச் சமானமாக வேறொன்றை நான் கண்டதில்லை. 1930களில் அமெரிக்க டிராம் கம்பனிகளின் தலைவர்கள், மோட்டார் காரின் போட்டியைச் சமாளிக்க ஒரு குழு அமைத்துப் புதியதொரு வண்டியை வடிவமைத்தார்கள். வழவழப்பான வளைந்த உடல், ஓசை அடங்கிய சக்கரம், குலுங்காமல் வேகமெடுக்கும் மோட்டார். 1936 இல் புரூக்ளினில் முதல் வண்டி சேவைக்கு வந்தது. வட அமெரிக்காவில் கட்டப்பட்ட இவ்வகையின் கடைசி வண்டி, 1952 இல் கட்டப்பட்ட 1040 ஆம் இலக்கம், சான் பிரான்சிஸ்கோவுடையதே. அதன் துணைக்கு பிலடெல்பியாவிலிருந்தும் நியூவார்க்கிலிருந்தும் பழைய வண்டிகளை வாங்கிச் சேர்த்திருக்கிறார்கள். நியூவார்க்கிலிருந்து வந்தவை அதற்கு முன் மினியாபொலிஸில் ஓடியவை. ஒரே வண்டி மூன்று நகரங்களுக்கு உழைத்திருக்கிறது. மனிதருக்குக்கூட இந்த உழைப்பு அரிது.

ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு நகரத்தின் வர்ணம் பூசியிருக்கிறார்கள். சிகாகோ, டெட்ராய்ட், லொஸ் ஏஞ்சலிஸ், வாஷிங்டன் என்று தம் டிராமைத் தாமே ஒழித்த நகரங்களின் வர்ணங்கள் இன்னொரு நகரத்தின் வீதியில் பிரயாணிகளை ஏற்றிக்கொண்டு ஓடுகின்றன. டெட்ராய்ட் தன் வண்டிகளை மெக்சிகோ நகரத்துக்கு விற்றுவிட்டுப் பஸ்ஸுக்கு மாறியது 1956 இல். மோட்டார் கார்த் தலைநகரமல்லவா, வேறென்ன செய்யும்!

மிலான் நகரத்திலிருந்து வந்த 1928 ஆம் ஆண்டு வண்டிகளும் இத்தடத்தில் உண்டு. உள்ளே சுவரோரமாக நீண்ட மர வாங்குகள். இத்தாலிய மொழி அறிவிப்புகளைக்கூட அகற்றவில்லை. அதிலொன்றில் ஏறி அமர்ந்தபோது எனக்கிருந்த பரவசத்தைப் பார்த்து, அழைத்துப்போன மருமகன் சிரித்துவிட்டான். "மாமா, இதைப் பார்க்கவோ இவ்வளவு தூரம் வந்தனீங்கள்? நான் மூண்டு வருசமா இதிலதானே வேலைக்குப் போய் வந்தனான்!"

அவன் சொன்ன இந்த வார்த்தைக்காகத்தான் இக்கட்டுரையை எழுதுகிறேன். எஃப் தடத்தில் அறவிடுவது நகரத்துப் பஸ்ஸில் அறவிடும் அதே கட்டணம். அதே அட்டையைக் காட்டி ஏறலாம். இறங்கிப் பஸ்ஸுக்கு மாறலாம். கொவிட் பெருந்தொற்றுக்கு முந்திய ஆண்டுகளில் நாளொன்றுக்கு 20,000 அளவிலான பிரயாணிகள் இத்தடத்தில் ஏறினார்கள். என் எதிரே இருந்த மூதாட்டியின் காலடியில் மரக்கறிப் பை. அவர் அந்த வண்டியின் வயதையோ பிறப்பிடத்தையோ ஒரு கணமேனும் எண்ணியதாகத் தெரியவில்லை. தன் தரிப்பிடம் வந்ததும் எழுந்து போனார்.

இந்தத் தடம் தானாக முளைத்ததன்று. 1980களின் தொடக்கத்தில் நகரத்தின் டிராம் வண்டிகள் மார்க்கெட் வீதியின் அடியில் கட்டிய சுரங்கத்துக்குள் இறங்கிவிட்டன. மேலே இருந்த தண்டவாளத்தை அகற்றுவதென்பதே அதிகாரிகளின் திட்டம். அதே வேளையில் நகரத்தின் புகழ்பெற்ற கேபிள் கார்களும் புனரமைப்புக்காக 1982 முதல் 1984 வரை நிறுத்தப்பட்டிருந்தன. உல்லாசப் பிரயாணிகள் வராமற் போவார்களே என்று வர்த்தகர்கள் கையைப் பிசைந்தார்கள். 1983 கோடையில், அகற்றப்படாமல் எஞ்சியிருந்த தண்டவாளத்தில் பழைய டிராம் வண்டிகளின் விழா ஒன்றை நடத்தினார்கள். சனம் விட்டபாடில்லை, 1987 வரை விழா தொடர்ந்தது. 1989 நிலநடுக்கம் துறைமுகக் கரையோர மேம்பால நெடுஞ்சாலையைச் சேதப்படுத்தியது. 1991 இல் அதை இடித்தார்கள். அந்த வெளியில் மீண்டும் மேம்பாலம் கட்டவில்லை. 1995 செப்டம்பரில் எஃப் தடம் நிரந்தரச் சேவையாகியது. 2000 ஆம் ஆண்டில் அந்தக் கரையோரமாகவே மீனவர் துறை வரை நீண்டது.

ஆர்வலர்கள் இங்கும் இருக்கிறார்கள். அவர்களின் சங்கம் நிதி திரட்டுகிறது, சிறியதொரு நூதனசாலையை இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறது, வண்டிக்கு எந்தப் பச்சை பூசுவது என்று சண்டை பிடிக்கிறது. ஆனால் வண்டியை ஓட்டுபவர் நகரத்தின் சம்பளம் வாங்கும் சாரதி. பொறுப்பு நகரத்தின் போக்குவரத்து நிர்வாகத்துக்கு. பழைய வண்டிகளின் மீது காதல் கொண்டவர்கள் இந்த ஏற்பாட்டுக்காகவே போராடியிருக்க வேண்டும் என்பது என் வாதம். எத்தனையோ நகரங்களில் ஆர்வலர்கள் தங்களுக்கென ஒரு கொட்டகை கிடைத்தவுடன் போராட்டத்தைக் கைவிட்டுவிட்டார்கள்.

அதே நகரத்தின் கேபிள் காரைப் பார்த்தால் நான் சொல்வது மேலும் விளங்கும். 1947 இல் நகர முதல்வர் லப்பம் கேபிள் கார்களை ஒழிக்கப் புறப்பட்டபோது, பிரீடல் கிளஸ்மன் என்ற பெண்மணி ஊரைத் திரட்டி, வாக்கெடுப்பில் வென்று அவற்றைக் காப்பாற்றினார். மகத்தான வெற்றிதான். ஆனால் இன்று அதில் ஒருமுறை ஏறப் பஸ் கட்டணத்தின் பல மடங்கைக் கொடுக்க வேண்டும். வரிசையில் நிற்பவர்களில் பெரும்பாலானோர் கையில் கமெரா. இரண்டையும் காப்பாற்றியது ஒரே ஊர்தான். கட்டணம் வேறானதும் ஏறுகிற கூட்டமும் வேறாகிவிட்டது.

மிலான் நகரம் இதைவிட ஒரு படி மேல். 1928 இன் வண்டிகள் ஐந்நூறுக்கு மேல் கட்டப்பட்டன. அவற்றுள் நூற்றுக்கும் அதிகமானவை அந்நகரத்தின் சாதாரணத் தடங்களில் இன்றும் ஓடுகின்றன. அங்கே எவரும் அவற்றுக்கு விழா எடுப்பதில்லை. மழையில் நனைந்த குடையோடு ஏறி, இரண்டு தரிப்பிடம் தாண்டி இறங்கிவிடுகிறார்கள்.

எதிர்வாதங்கள் எனக்குத் தெரியாதவையல்ல. பழைய வண்டி ஆபத்தானது என்பார்கள். அது கனமான வாதம். 2025 செப்டம்பர் 3 ஆம் திகதி லிஸ்பனில் 1885 இல் தொடங்கிய குளோரியா மலைச்சரிவு வண்டியின் கம்பிவடம் அறுந்து 16 பேர் மாண்டார்கள். அவ்வண்டி 2002 முதல் தேசியச் சின்னம். அறுந்த வடம் பிரயாணிகளை ஏற்றும் சேவைக்கென அத்தாட்சி பெற்றதல்ல என்று விசாரணையாளர்களின் முதற்கட்ட அறிக்கை சொன்னது. இதைக் காட்டிப் பழையவற்றை நிறுத்துங்கள் என்று கோருவோர், அறிக்கையைத் திரும்பவும் வாசிக்கட்டும். வண்டியின் வயதைப் பற்றியல்ல, வாங்கிய வடத்தைப் பற்றியே அது பேசுகிறது. சின்னம் என்ற பட்டம் கிடைத்ததும் பொதுப் போக்குவரத்துக்குரிய கண்டிப்பு அந்த வண்டிக்குத் தளர்ந்துவிட்டதா என்று நான் கேட்கிறேன். லிஸ்பனின் 28 ஆம் இலக்க டிராம்களுக்குப் பழைய மர உடலை வைத்துக்கொண்டே மோட்டாரையும் தடையையும் 1990களில் புதிதாக்கினார்களே, அதுதான் முறை.

மாற்றுத்திறனாளிகள் ஏற முடியாதென்பது இன்னொரு வாதம். சான் பிரான்சிஸ்கோவில் தரிப்பிடத்திலேயே சாய்தளமும் உயர்ந்த மேடையும் கட்டிவிட்டார்கள். இதற்குமேல் அந்த வாதத்தில் நேரம் செலவழிக்க வேண்டியதில்லை.

நெரிசல் என்ற வாதம்தான் என்னைக் கோபப்படுத்துவது. கொல்கத்தாவில் வீதி போதாது, டிராம் மற்ற வாகனங்களை மறிக்கிறது என்று அமைச்சர் சொன்னார். அந்நகரத்தின் பல பாகங்களில் டிராமுக்கெனத் தனித்தடம் ஒதுக்கப்பட்டிருந்தது. அதை அகற்றி, தண்டவாளத்தைக் கார்களுக்கு நடுவே கொண்டுவந்து போட்டவர்கள் யார்? பாதையைப் பறித்துவிட்டு நீ மெதுவாக நடக்கிறாய் என்று குற்றம் சாட்டுவது எந்த ஊர் நியாயம்? வண்டிகள் குறைந்தன, குறைந்ததால் பிரயாணிகள் போனார்கள், பிரயாணிகள் போனதைக் காட்டித் தடங்களை மூடினார்கள். டிப்போ நிலங்களின் சில பகுதிகள் கட்டட நிறுவனங்களின் கைக்குப் போயின. தண்டவாளத்தின் மேல் தார் ஊற்றும் விவகாரம் கல்கத்தா உயர் நீதிமன்றம் வரை போயிற்று. காப்பாற்ற நினைப்பவன் முதலில் தண்டவாளத்தையல்லவா காப்பாற்றுவான்? தண்டவாளம் மிஞ்சியதால்தானே சான் பிரான்சிஸ்கோவுக்கு 1983 வாய்த்தது?

அமெரிக்காவில் டிராமைக் கொன்றது கார்க் கம்பனிகளின் சதி என்று ஒரு கதை உலவுகிறது. ஜெனரல் மோட்டர்ஸும் டயர், எண்ணெய்க் கம்பனிகளும் 1949 இல் குற்றவாளிகளாகக் காணப்பட்டது உண்மை. ஆனால் தாம் கைப்பற்றிய பஸ் சேவைகளுக்குப் பொருள் விற்பதில் ஏகபோகம் கொள்ளச் சதி செய்ததே நிரூபிக்கப்பட்ட குற்றம். ஜெனரல் மோட்டர்ஸுக்கு 5,000 டொலர் தண்டம். அதன் பொருளாளருக்கு ஒரு டொலர்! கேலிக்கூத்துத்தான். எனினும் சதியென்று சொல்லிவிட்டால் நகரசபைகள் தப்பிவிடுகின்றன. கொல்கத்தாவில் சதிக்கு அவசியமே இருக்கவில்லை. அலட்சியம் ஒன்றே போதுமானதாயிற்று.

நூதனசாலையில் வைக்க முடியாத ஒன்றும் டிராமுக்கு உண்டு. 1953 யூலையில், பிரித்தானியருக்குச் சொந்தமான கல்கத்தா டிராம் கம்பனி இரண்டாம் வகுப்புக் கட்டணத்தை ஒரு பைசா உயர்த்தியபோது அந்நகரமே கொந்தளித்து வீதிக்கு இறங்கியது. ஒரு பைசாவுக்காக ஒரு நகரம் எழுந்ததென்றால், அந்த வண்டி எவருடைய வண்டியாக இருந்ததென்று சொல்லவும் வேண்டுமா? நமது கொழும்பிலும் 1929 இல் ஏ.ஈ. குணசிங்கவின் தலைமையில் டிராம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். மருதானையில் அது கலவரமாகிப் பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. (அதே குணசிங்க 1930களில் மலையாளத் தொழிலாளருக்கு எதிராகக் கிளம்பியது வேறொரு கதை, இன்னொரு நாள் எழுதலாம்.) குளிரூட்டிய வண்டியில் தேநீரும் பிஸ்கட்டும் கொடுத்து உல்லாசப் பிரயாணிகளை மைதானத்தைச் சுற்றிக் காட்டினால், இந்த வரலாற்றில் எதைப் பாதுகாத்ததாகும்?

கொழும்பில் 'ட்றாம் கார்' 1899 இல் தொடங்கியது. கோட்டையிலிருந்து கிராண்ட்பாசுக்கும் பொரளைக்குமாக இரு தடங்கள். 1944 இல் மாநகரசபை பொறுப்பேற்றது. 1960 இல் எல்லாம் முடிந்தது. இடையில் வந்த டிரொலி பஸ்ஸும் நிலைக்கவில்லை. ஆறு தசாப்தங்கள் நெரிசலில் வெந்த பின்னர், 2019 மார்ச்சில் மாலபேயிலிருந்து கோட்டைக்கு இலகு ரயில் பாதை அமைக்க யப்பானுடன் கடன் உடன்படிக்கை கைச்சாத்தானது. 2020 செப்டம்பரில் அன்றைய ஜனாதிபதியின் அரசு அதை இரத்துச் செய்தது. பதினைந்து கிலோமீற்றர் சொச்சத்துக்கு மேல்நிலைப் பாதை, பதினாறு நிலையங்கள், எல்லாம் கடதாசியில் நின்றன. காலையில் மாலபேயிலிருந்து கோட்டைக்கு வருகிறவர் பஸ்ஸின் மிதிபலகையில் தொங்கிக்கொண்டு வந்தார். கொல்கத்தாவின் பிழையைச் சொல்லும் எனக்கு என் ஊர் பெருமைப்பட எதையும் தரவில்லை என்பதை ஒப்புக்கொண்டே எழுதுகிறேன்.

கொல்கத்தாவில் அந்தத் துண்டுப் பாதையை வைத்திருக்கத்தான் போகிறார்கள் என்றால், சான் பிரான்சிஸ்கோவைப் பார்த்துச் சில காரியங்கள் செய்யட்டும். அதைச் சுற்றுலாத் துறையிடம் கையளியாமல் போக்குவரத்துத் துறையிடமே விட்டுவைக்கட்டும். பஸ் கட்டணத்தையே கட்டணமாக வைக்கட்டும். எஸ்பிளனேடில் மெட்ரோவிலிருந்து வெளியே வருகிற எழுதுவினைஞருக்கும் கடைச் சிப்பந்திக்கும் அடுத்த வண்டி எத்தனை மணிக்கு என்று தெரியும்படி ஒரு பலகை நாட்டட்டும். காலையில் முதல் வண்டி அலுவலக நேரத்துக்கு முன்பே புறப்படட்டும். மூடிய தடங்களின் தண்டவாளத்தில் தார் ஊற்றாமல் விடட்டும். பித்தளை மணிக்குப் பொலிஷ் போடும் செலவை அதற்கப்புறம் பார்க்கலாம்.